கழுவி வைத்த இரண்டு குப்பிகள்

எங்கள் வளவில் பிரிட்ஜ் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இவ்வளவும் என் தலையில் வந்து விடிந்தது.

திருநெல்வேலி டவுனில் ஒரே தலைவாசலுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளை வளவு என்போம். நடுவில் ஒரு கிணறு, துணி காயப்போட ஒரு கொடி, அதற்காக வாரம் ஒரு சண்டை. எல்லா வீட்டிலும் சைவப் பிள்ளைமார். கடைசி வீட்டில் மட்டும் நான். பெயர் இன்பமணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். மீனோ கறியோ அடுப்பில் ஏறக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் சாவியைத் தந்தார். ஏற்றியதில்லை. முட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. பிரிட்ஜ் வந்த பிறகு ஐஸ் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள், மோர் கொண்டுவந்து வைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கோமு மைனி மட்டும் ஒரு எலுமிச்சம்பழம்கூட அதில் வைத்தது கிடையாது. உள்ளே முட்டை இருக்கிறதாம்.

கோமு மைனியின் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. தவசுப்பிள்ளை. டவுனிலும் பேட்டையிலும் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் சமையல். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைப்பார்கள் இல்லையா, அந்தச் சொதிக்காகவே அவரிடம் மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். தேங்காய்ப்பாலைத் தலைப்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, பொங்கி வருமுன்னே அடுப்பிலிருந்து இறக்குவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அண்ணாச்சி கரண்டியிலிருந்து புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக்கூடாது.

அந்த நாக்குதான் போயிற்று. போன வருடமே வெளிக்கிருக்கும்போது ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துத் துத்திக்கீரையாக வதக்கித் தின்றுகொண்டிருந்தார் மனுஷன். வீட்டில் சொல்லவில்லை. சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் அண்டாவை இறக்கும்போது மயங்கி விழுந்த பிறகுதான் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனது, பெருங்குடலில் புற்று என்று தெரிந்தது, ஒரு முழம் போல அறுத்து எடுத்தது எல்லாம். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்து ட்ரிப்பில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாயெல்லாம் வெந்து போகும். தயிர்சாதம்கூட எரியும். வெந்தது ஆறி வரும்போது அடுத்த ட்ரிப்பு வந்துவிடும்.

"உப்பு பாக்க ஆள் வச்சுச் சமையல் பண்ணுத தவசுப்பிள்ள இந்தச் சில்லாவிலேயே நான் ஒருத்தன்தான், இன்பமணிம்மா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரே பிள்ளை வேணி. மெட்ராஸில் மருந்துப் படிப்பில் மேல்படிப்பு. அவள் அங்கே செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியே இந்தப் பெருங்குடல் விஷயம்தான். அப்பாவுக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்தது. கோடை லீவில் வந்தபோது முற்றத்தில் வைத்து அவருக்கு விளக்கிச் சொன்னாள். நானும் இருந்தேன்.

"ட்ரிப்புல போற மருந்து ஒடம்பு பூரா சுத்துதுப்பா. நோயையும் பிடிக்கும், நாக்கையும் பிடிக்கும், தலைமயிரையும் பிடிக்கும். நாங்க செய்யுதது அப்படி இல்ல. மருந்த ஒரு பசைக்குள்ள பொதிஞ்சிருதோம். ஒவ்வொண்ணும் கண்ணுக்கே தெரியாத துகளு. வாயில கரையாது, எரப்பையில கரையாது. பெருங்குடல்ல உள்ள கிருமிதான் அந்தப் பசையத் தின்னும். அது தின்னாத்தான் மருந்து வெளிய வரும்."

"கொழுக்கட்டைன்னு சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"அதேதான். உள்ள பூரணம், வெளிய மாவு."

"மாவு என்ன மாவு?"

"சீனியவரைக்கா வெதையில எடுக்க பசைப்பா."

கொத்தவரங்காயைத்தான் எங்கள் பக்கம் சீனியவரைக்காய் என்போம். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையல்கட்டுச் சாமானை வைத்து என் மகள் புற்றுக்கு மருந்து செய்யுதா என்று பேட்டை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கே அவள் வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் படித்ததை வீட்டில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்லுவாள் பிள்ளை.

தொண்ணூற்று ஏழு கார்த்திகையில் விடாத மழை. ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறைக் கோவிலுக்குள் தண்ணீர் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேணி நனைந்துகொண்டு வந்து இறங்கினாள். கையில் பெட்டியைவிடப் பத்திரமாக ஒரு பிளாஸ்க். நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தே, இத உங்க பிரிட்ஜுல வைக்கணும். திருவனந்தபுரத்துல பெரிய மைக்ராஸ்கோப் இருக்கு, அதுல பாக்கதுக்குக் கொண்டுபோறேன். திங்கக்கிழம அப்பாவ ஆசுபத்திரியில சேத்துட்டு அன்னைக்கு மத்தியானம் போயிருவேன்."

பிளாஸ்கின் ஐஸுக்கு நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் வெள்ளைத் தூள். காகிதத் துண்டில் மைப்பேனாவால் எழுதி ஒட்டியிருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுல மருந்து இருக்கு அத்தே. இன்னொண்ணு வெறும் பசைத்தூளு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

கதவுப் பக்கம் முட்டைக்குக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் கோமு மைனி நிற்கிறாள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மழைக்குள் வந்திருக்கிறாள். பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பொரிச்ச குழம்பும் கூட்டும். அண்ணாச்சி குழைந்த சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்தார். முந்தின மாதம் மாதிரியே இப்போதும் புண் ஆறத் தொடங்கியிருந்தது, ஆனாலும் பயம். குடித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யம்மா வேணி, கொழுக்கட்டையக் கொண்டாந்திருக்கியாம்லா."

"அது உங்களுக்கு இல்லப்பா."

"பெறவு யாருக்கு?"

"மைக்ராஸ்கோப்புக்கு."

"மைக்ராஸ்கோப்புக்கு என்ன வியாதி?"

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. கோமு மைனி சோற்றுப் பானையை மூடிவிட்டு மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எலிக்குக் குடுக்கேன்னு சொன்னியே, அந்த மருந்துதான் இது?"

"ஆமா."

"எலிக்குக் குடுப்ப, பெத்த அப்பனுக்குக் குடுக்க மாட்ட."

"அம்மா, கோட்டி மாதிரிப் பேசாத. எலிக்குக் குடுத்துப் பாத்து, அதுக்கப்புறம் பெரிய மிருகத்துக்குக் குடுத்துப் பாத்து, அதுக்கப்புறந்தான் மனுசருக்கு. அதுக்கு எத்தன வருசம் ஆவும்னு எனக்கே தெரியாது."

"எலி பொழச்சுதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

வேணி தட்டைப் பார்த்தாள். "பொழைக்க விடுததில்லப்பா. மருந்து எங்கன போயிச் சேந்திருக்குன்னு பாக்கணும்லா. அறுத்துத்தான் பாக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"முருகா" என்றாள் கோமு மைனி.

அண்ணாச்சி விடவில்லை. "சரி, அறுத்துப் பாத்தேல்லா. சேந்திருந்துதா?"

"எது?"

"மருந்து. பெருங்குடல்ல போயிச் சேந்திருந்துதா?"

"சேந்திருந்துதுப்பா" என்றாள் வேணி. அதைச் சொல்லும்போது அவளால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அங்கேதான் தோற்றாள். உடனே அவளுக்கே தெரிந்துவிட்டது. "ஆனா அது நோய் இல்லாத எலிப்பா. போயிச் சேருதா இல்லையான்னு மட்டுந்தான் பாத்திருக்கோம். நோயக் கேக்குமான்னு யாருக்கும் தெரியாது. அந்தத் தூளு செய்யும்போது என்னெல்லாமோ ஊத்துதோம், அது முழுசாப் போயிருச்சான்னும் தெரியாது."

"எனக்கு இந்த ட்ரிப்பு வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "போதும்மா. அஞ்சாறு தடவ ஏத்தியாச்சு. நாக்கு செத்துப் போச்சு. நாக்கு இல்லாம நான் இருந்து என்ன செய்ய? உன் மருந்தக் குடுத்தா திங்கேன். இல்லன்னா சும்மா கெடக்கேன்."

"ட்ரிப்பு நிறுத்தினா திரும்ப வந்துரும்பா."

"வரட்டும்."

வேணி எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினாள். மழையில் நின்றுகொண்டு கழுவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். வழக்கம்போல் சாவியைக் கோமு மைனியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வேணி தன் புரொபசருக்குப் போன் பண்ண ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். அண்ணாச்சி மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் பார்த்துப் பொறுக்க மார்க்கெட்டுக்கு. நான் மத்தியானம் வந்து தண்ணீர் குடிக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தேன்.

முட்டைத் தட்டைக் காணோம். தேடினால் அடுப்பு மேடையில், மேலே ஒரு பழைய துணியைப் போர்த்தி வைத்திருக்கிறது. பிரிட்ஜுக்குள் முட்டை இருந்த இடத்தில் ஒரு வெற்றிலை. வெற்றிலையின் மேல் இரண்டு குப்பிகளும் நிற்கின்றன. பளபளவென்று, ஆளுக்கு ஒரு குங்குமப் பொட்டோடு. காகிதத் துண்டு எதிலும் இல்லை. ஒரு குப்பி காலி.

நான் "மைனி" என்று போட்ட சத்தத்தில் வளவே எட்டிப் பார்த்தது. அதற்குள் வேணியும் வந்துவிட்டாள். குப்பிகளைக் கையில் எடுத்தாள். காலிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ன?"

"அம்பாள் காலடியில வச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றாள் கோமு மைனி. குரலில் பயமே இல்லை. "காந்திமதிக்கு ஒரு அர்ச்சன பண்ணி, பட்டர்ட்டக் குடுத்து வாங்கினேன். அப்பா மார்க்கெட்டுக்குப் போகுமுன்ன திருநீறோட சேத்து வாயில போட்டுட்டேன். அவியளும் சாப்பிட்டாவ. நல்லாத்தான் இருக்காவ."

"இதுல ஒட்டியிருந்த பேப்பர் எங்க?"

"பேப்பரா? அது முட்டையோட கெடந்த குப்பில்லா. அப்படியே கோவிலுக்குள்ள கொண்டுபோவ முடியுமா? வெளக்குத் தேய்க்க மாதிரி புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவித்தான் கொண்டுபோனேன். பேப்பர் ஊறி வந்துட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏன் மைனி, எம் முட்ட உங்க மருந்த என்ன பண்ணிச்சு?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய நேரம் அது இல்லைதான். ஆனால் என் வீட்டு முட்டையைத் தீட்டுச் சாமான் மாதிரித் துணி போட்டு மூடி வைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் நெனச்சுக்காதளா" என்றாள் மைனி. "உயிர்க் காரியம்லா. ஒரு குறையும் இருக்கப்பிடாதுன்னுதான்."

வேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, எதக் குடுத்தேன்னு தெரியுமா? ரெண்டுல எது?"

"முன்னால இருந்தத எடுத்தேன்."

"எது முன்னால இருந்துச்சு?"

மைனிக்கு அப்போதுதான் முகம் மாறியது. "ரெண்டும் மருந்துதானே?"

"இல்லம்மா. ஒண்ணுதான் மருந்து."

இரண்டு குப்பியும் ஒரே அளவு, தூளும் ஒரே வெள்ளை. மிச்சமிருந்த தூள் எது என்று மெட்ராஸிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு மெஷினில் போட்டால்தான் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் திருநெல்வேலியில் அதற்கு எங்கே போக.

அதிலிருந்து வேணி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொட்டாவி விட்டால் எழுந்து நிற்பாள். தண்ணீர் குடித்தால் எவ்வளவு குடித்தார் என்று பார்ப்பாள். அவர் பின்கட்டுக்குப் போனால் இவள் கிணற்றடியில் நின்று, வந்ததும் கேட்பாள்: "ரத்தம் போச்சாப்பா? வயித்து வலி இருக்கா?" அவர், "ஏ பிள்ள, கக்கூஸுக்குக்கூட என்ன நிம்மதியா விடமாட்டியா" என்பார். மைனி பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. கணவருக்கு நல்லதா கெட்டதா எதைக் கொடுத்தோம் என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க, என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அண்ணாச்சியிடம் மட்டும் இரண்டு குப்பி விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அவர் மருந்து சாப்பிட்டாயிற்று என்ற தெம்பில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுவீட்டுச் சாப்பாடு. மண்டபத்துச் சமையல்கட்டுக்கு வேணியும் கூடவே போனாள். தனியாக அவளை விட மனமில்லாமல் சர்ச்சை விட்டுவிட்டு நானும் போனேன். மழையில் விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. நாலைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் அரைக்க, ஒருத்தர் பெரிய வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தார். பால் வடிகிறபோது அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "போதும், இது தலைப்பால். இனி தண்ணி விட்டு அரை" என்று பாத்திரம் மாற்றினார். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் காரட்டும் மூன்றாம்பாலில் வெந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் இஞ்சிப் பச்சடி. வேணி ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பாலை ஊற்றி, இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று. உப்புப் பார்க்க வழக்கமாக நிற்கிற ஆள் கையை நீட்டினான். அண்ணாச்சி அவனைத் தள்ளிவிட்டு, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். தலையைச் சாய்த்தார். சமையல்கட்டே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"உப்பு ஒரு பிடி காணாது" என்றார்.

உப்புப் பார்க்கிறவன் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி, காணாது" என்று தலையாட்டினான். தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஞானம்பாள் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி அப்படியே அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலை போடச் சொன்னார். சோற்றில் சொதியை ஊற்றி, இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு, சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாக மனுஷன் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். இஞ்சிகூட அவருக்கு எரியவில்லை.

அது ட்ரிப்பு போட்டு நாளானதால் ஆறின வாய். எனக்கே தெரிந்தது, வேணிக்குத் தெரியாதா. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல.

கை கழுவிவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாத்தியா. ஒரு நாள்தான் ஆச்சு. நாளைக்கு ஆசுபத்திரிக்கு வரமாட்டேன். நீ மெட்ராஸுக்குப் போயி இன்னும் கொஞ்சம் செஞ்சு அனுப்பு. ஒங்க வாத்தியார்ட்ட நான் வேணா போன்ல பேசுதேன்."

வேணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பா, அதுல மருந்து இல்ல."

"எதுல?"

"அம்மா குடுத்ததுல. ரெண்டு குப்பி கொண்டாந்தேன். ஒண்ணுல வெறும் பசைத்தூளு. அம்மா அதத்தான் குடுத்திருக்கா. பூரணம் இல்லாத கொழுக்கட்ட."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்பா."

அண்ணாச்சி இலை எடுக்கிறவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சாப்பிட்டது?" என்றார்.

"புண்ணு ஆறியிருக்குப்பா. போன மாசமும் இந்த நேரத்துக்கு ஆறிச்சுல்லா."

அவர் முகத்தில் காலையிலிருந்து இருந்த களை இறங்கிப் போனதை நான் பார்த்தேன். பெற்ற பிள்ளையே தன் வாயால் அதைப் பிடுங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி, நாளைக்குப் போவோம்" என்றார். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். ஆட்டோவில் அண்ணாச்சி ஒரு ஓரம், மைனி நடுவில், வேணி அடுத்த ஓரம். முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு நான். சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறும்போது கீழே ஆறு சேறாகப் போய்க்கொண்டிருந்தது. மைனி இரண்டு கையையும் கூப்பினாள். வேணி நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவள் கடிப்பது அவளுக்கே தெரியவில்லை, விரலில் ரத்தம் வந்துவிட்டது. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என்ன பயம் இன்னும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. சிஸ்டர் பாட்டிலை மாட்டி, கையைத் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். டாக்டர் பாக்கியசீலன் வந்தார். நல்ல மனுஷன், நிதானமாகப் பேசுவார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கே. போன தடவைக்கப்புறம் வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, லேகியம் அப்படி?"

"மருந்து ஒண்ணும் இல்ல சார்" என்றார் அண்ணாச்சி. கோமு மைனியும் இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆரம்பிங்க சிஸ்டர்."

சிஸ்டர் ஊசியை எடுத்தாள். அவ்வளவுதான், இன்னும் ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

"சார், வேண்டாம். ஒரு நிமிசம்" என்றாள் வேணி.

கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள். தான் என்ன படிக்கிறோம், குப்பியில் என்ன இருந்தது, அம்மா கழுவினது, கொடுத்தது எல்லாம். ஒன்றையும் விடவில்லை. "ஒண்ணுல ட்ரிப்புல போடுத இதே மருந்துதான் சார் இருந்துச்சு. எங்க அப்பா சாப்பிட்டது அதுவா, வெறும் தூளான்னு எனக்குத் தெரியாது."

டாக்டரின் முகம் இறுகியது. "ஊசியக் கீழ வைங்க சிஸ்டர்" என்றார். "எவ்வளவு இருக்கும்?"

"இருந்திருந்தா, ஒரு நாள் ட்ரிப்புல பாதியாவது இருக்கும் சார். கரைக்கதுக்கு ஊத்தினதும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்."

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார்.

"நேத்து தெரியும்னு சொன்னியே."

"பொய்ப்பா."

"என்னத்துக்கு?"

"நீங்க வரமாட்டேன்னு சொன்னியல்லா."

கோமு மைனி அவர் தோளைப் பிடித்தாள். "அப்ப மருந்தாத்தான் இருக்கும். அம்பாள் கைவிடுவாளா? சொதி சாப்பிட்டியள்லா. வாருங்க, வீட்டுக்குப் போவோம்." அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அண்ணாச்சியின் கால் கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடியது. ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. வேணி தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு இனி என்ன இருந்தது, கையில் இருந்த ஒரே பொய்யையும் அவளே போட்டு உடைத்துவிட்டாளே.

"ஏ பிள்ள" என்றார் அவர். "பொய் சொல்லிக் கூட்டியாந்தாச்சு. நானும் வந்து படுத்துட்டேன். வாய மூடிட்டு இருந்தா ஊசி ஏறியிருக்கும்லா. இப்ப எதுக்குச் சொன்ன?"

"அதுல மருந்து இருந்திருந்தா, அதுக்கு மேல இதுவும் ஏறினா உங்க ஒடம்பு தாங்காதுப்பா. நேத்துலருந்து அதையேதான் நெனச்சுட்டு இருக்கேன். சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவிய, சொல்லலன்னா எங் கையாலயே உங்கள..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள்.

டாக்டர் சொன்னார்: "இன்னைக்கு ட்ரிப்பு இல்ல. ரத்தம் எடுத்துப் பாப்போம். சில நாள் கழிச்சு இன்னொரு தடவ எடுப்போம். ரத்தத்துல அணு குறையாம இருந்தா ஆரம்பிக்கலாம். ஆனா அதுவரைக்கும் நீங்க இந்தக் கட்டில விட்டுப் போகக்கூடாது. வீட்டுக்குப் போனீங்கன்னா திரும்பி வரமாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"திரும்பி வரலன்னா?"

"வராதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். வந்தா நல்லதுன்னுதான் சொல்லமுடியும். கட்டாயம் நல்லாயிரும்னு யாரும் சொல்லமுடியாது."

ஒரு காலில் செருப்போடு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அடுத்த கட்டில்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மைனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப் படுக்கையில் அழுத்த வேண்டும் போல் இருந்தது. வேணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். கடித்த விரல் கம்பியில் ஒட்டியது.

அண்ணாச்சி அந்த விரலைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"சார், இவ இனிம எங்கிட்ட என்ன சொன்னாலும் உங்க முன்னால வச்சுத்தான் சொல்லணும். அப்படிச் சொல்லிருங்க."

செருப்பை உதறினார். காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டு சாய்ந்தார். "ஏளா கோமு, பையைக் கீழ வையி" என்று சொல்லிவிட்டு இடது கையைச் சிஸ்டரிடம் நீட்டினார்.

வேணி அப்போதுதான் அழுதாள். அவள் வெளியே போய் அழலாம் என்று நகர்ந்தபோது அண்ணாச்சியின் வலது கை அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, "மடக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் அவர் அதை விடவில்லை.